கதவுநிலையில் ஒட்டிய கைப்பட்டை

மருத்துவமனையில் ஒரு மருந்து நோயாளியிடம் போய்ச் சேர்வதற்குள் நான்கு கட்டங்களைத் தாண்டுகிறது. மருத்துவர் எழுதுகிறார்; அது மருந்து அட்டவணையில் படியெடுக்கப்படுகிறது; மருந்தகம் எடுத்துத் தருகிறது; செவிலியர் நோயாளிக்குக் கொடுக்கிறார். நான்கிலும் தவறு நேரலாம். ஆனால் நேர்ந்த தவறு பிடிபடுமா என்பதில் கட்டத்துக்குக் கட்டம் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. பாஸ்டன் நகரின் இரண்டு பெரிய மருத்துவமனைகளில் டேவிட் பேட்ஸ் குழுவினர் செய்து 1995இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவர் எழுதும் கட்டத்தில் நேர்ந்த பிழைகளில் 48 சதவீதம் நோயாளியை எட்டும் முன்பே தடுக்கப்பட்டிருந்தன. மருந்து கொடுக்கும் கட்டத்தில் நேர்ந்த பிழைகளில் தடுக்கப்பட்டவை பூஜ்ஜியம். இதற்குச் செவிலியர்களின் கவனக்குறைவைக் காரணம் காட்ட முடியாது. மருத்துவர் தவறாக எழுதினால் மருந்தாளுநர் கேட்பார். அவர் கவனிக்காமல் விட்டால் செவிலியர் கேட்பார். செவிலியரின் கையைத் தாண்டிவிட்டால் கேட்பதற்கு ஆள் இல்லை. அங்கே நோயாளியின் வாயோ ரத்தக்குழாயோதான் இருக்கிறது.

செவிலியர் படிப்பில் முதலாண்டிலேயே மனப்பாடம் ஆகிவிடும் பாடம் ஒன்று உண்டு: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். சொல்வதற்கு எளிது. முப்பது படுக்கை உள்ள ஒரு வார்டில் ஆளுக்கு ஐந்து மருந்து, நாளுக்கு மூன்று வேளை என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு நாளில் 450 தடவை மருந்து கொடுக்க வேண்டும். ஐந்து சரிபார்ப்பு வீதம் 2,250 சரிபார்ப்புகள். இத்தனையும் நினைவிலும் கண்பார்வையிலும் மட்டும் நிற்க வேண்டும், ஒன்றுகூடத் தவறக் கூடாது என்று எதிர்பார்ப்பது மனித மூளையைப் பற்றி எதுவுமே தெரியாதவர் செய்யும் நிர்வாகம். இந்த இடத்தில்தான் தகவல் தொழில்நுட்பம் உள்ளே வந்தது. அதைக் கொண்டுவந்தவர் பொறியாளர் அல்லர், மருத்துவரும் அல்லர் என்பது பலருக்கும் தெரியாது.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் டொபீகா என்ற ஊரில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே செவிலியராக இருந்தவர் சூ கின்னிக். 1992இல் சியாட்டிலில் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்தபோது, அங்கிருந்த ஊழியர் கையடக்கக் கருவி ஒன்றால் காரின் பார்கோடைப் படித்து நொடியில் கணக்கை முடித்ததை அவர் பார்த்தார். காருக்கு இது முடியும் என்றால் மருந்துக்கு ஏன் முடியாது என்பதுதான் அவருடைய கேள்வி. ஊர் திரும்பி அதை நிர்வாகத்திடம் சொன்னார். நிர்வாகம் காது கொடுத்தது. 1994இல் கின்னிக் விமான விபத்தில் இறந்துபோனார். டொபீகாவில் அவருடைய சக ஊழியர்கள் அந்த யோசனையை வேலை செய்யும் மென்பொருளாக வளர்த்தார்கள். 1999, 2000ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் உள்ள படைவீரர் மருத்துவமனைகளுக்கு அது பரவியது. மருந்து உறைகளில் பார்கோடு இருக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் விதி வகுத்தது அதற்கும் பிறகு, 2004இல்தான்.

அது வேலை செய்யும் விதம் சிக்கலானதல்ல. நோயாளியின் மணிக்கட்டில் பார்கோடு உள்ள கைப்பட்டை இருக்கும். ஒவ்வொரு வேளை மருந்தின் உறையிலும் ஒரு பார்கோடு இருக்கும். மருத்துவர் எழுதிய உத்தரவு கணினியில் இருக்கும். செவிலியர் கைப்பட்டையையும் உறையையும் ஸ்கேன் செய்தால் மூன்றும் பொருந்துகின்றனவா என்று கணினி பார்க்கும். பொருந்தவில்லை என்றால் எச்சரிக்கும். பலன் உண்டா? உண்டு, அதுவும் நன்றாக அளக்கப்பட்ட பலன். பாஸ்டனின் பிரிகாம் மகளிர் மருத்துவமனையில் எரிக் பூன் குழுவினர் மருந்து கொடுக்கப்பட்ட 14,041 தருணங்களைப் பக்கத்தில் நின்று கவனித்து 2010இல் முடிவை வெளியிட்டனர். நேரத் தவறுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பார்கோடு இல்லாத வார்டுகளில் பிழை விகிதம் 11.5 சதவீதம், பார்கோடு உள்ள வார்டுகளில் 6.8. நோயாளிக்குத் தீங்கு செய்யக்கூடிய பிழைகள் 3.1 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தன. படியெடுப்பதில் நேரும் பிழைகள் 6.1 சதவீதமாக இருந்தவை அடியோடு இல்லாமல் போயின. மருத்துவமனைப் பாதுகாப்பு ஆய்வுகளில் இவ்வளவு தெளிவான முடிவு அடிக்கடி கிடைப்பதில்லை. ஆகவே ஸ்கேனர் வீண் செலவு என்று இந்தக் கட்டுரை சொல்லப் போவதில்லை. ஆனால் பிழை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததைப் பார்ப்பவர்கள், பாதி மிஞ்சியிருப்பதைப் பார்ப்பதில்லை. அந்த மிச்சம் கருவியின் தரத்தால் குறையப் போவதில்லை, செவிலியர் நிர்வாகத்தின் தரத்தால்தான் குறையும் என்பது என் வாதம்.

இதற்கான முதல் சான்றைத் தருபவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் ராஸ் கொப்பல். பார்கோடு முறை நடைமுறையில் இருந்த ஐந்து மருத்துவமனைகளில் செவிலியர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று அவருடைய குழு பார்த்தது. 2008இல் வெளிவந்த அந்த ஆய்வு, மருத்துவமனை நிர்வாகிகள் அனைவரும் படிக்க வேண்டிய ஒன்று. செவிலியர்கள் இந்த முறையைச் சுற்றிக்கொண்டு போவதற்கு 15 வகை வழிகளைக் கையாண்டார்கள். நோயாளியின் பார்கோடை இன்னொரு பிரதி எடுத்துக் கதவுநிலையில் ஒட்டி வைத்திருந்தார்கள். கணினி டிராலியில் ஒட்டியிருந்தார்கள். ஸ்கேனரின் மேலேயே ஒட்டியிருந்தார்கள். சிலர் இடுப்பு வளையத்தில் கோத்துக்கொண்டு திரிந்தார்கள். பல நோயாளிகளின் மருந்துகளை முன்கூட்டியே ஸ்கேன் செய்து டிராலியில் அடுக்கிக்கொண்டு போனார்கள். கணினித் திரையைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்கு: நோயாளி ஸ்கேன் ஆகிவிட்டார், மருந்து ஸ்கேன் ஆகிவிட்டது, இரண்டும் பொருந்துகின்றன. ஆனால் ஸ்கேன் ஆனது கதவு. எந்தத் தவறைப் பிடிப்பதற்காக இத்தனை கோடி செலவானதோ, அதே தவறு இப்போது கணினியின் சான்றிதழோடு நடக்கலாம்.

இதைப் படித்ததும் எழும் முதல் எண்ணம், ஒழுங்கீனம் என்பதுதான். கொப்பல் அங்கே நிற்கவில்லை. ஒவ்வொரு சுற்றுவழிக்கும் காரணம் தேடினார். 31 வகைக் காரணங்கள் கிடைத்தன. பார்கோடு கசங்கியிருந்தது, மை கலைந்திருந்தது, அதன்மேல் வேறொரு லேபிள் ஒட்டப்பட்டிருந்தது. சில மருந்துகளில் பார்கோடே இல்லை. கைப்பட்டை நனைந்து ஊறிப்போயிருந்தது. நோயாளி அதைக் கடித்துக் குதறியிருந்தார். ஸ்கேனரின் பேட்டரி பாதியில் உயிரை விட்டது. வயர்லெஸ் இணைப்பு ஒரு அறையில் கிடைத்தது, பக்கத்து அறையில் கிடைக்கவில்லை. தொற்று நோயாளியின் அறைக்குள் டிராலியைக் கொண்டுபோகக் கூடாது, ஸ்கேனரின் கம்பி படுக்கை வரை எட்டவில்லை. இந்தப் பட்டியலில் சோம்பல் என்று ஒதுக்கிவிடக் கூடியது மிகக் குறைவு. மருந்து கொடுக்க வேண்டிய நேரம் கடந்துகொண்டிருக்கிறது, கருவி ஒத்துழைக்கவில்லை, நோயாளி வலியில் இருக்கிறார். இந்த நிலையில் செவிலியர் கண்டுபிடிக்கும் வழி, கருவிக்கும் வார்டுக்கும் எங்கே ஒத்துப்போகவில்லை என்பதைத் துல்லியமாகக் காட்டும் தகவல். அந்தத் தகவலைப் படிக்கத் தெரிந்தவரும், படித்தபின் எதையாவது மாற்றும் அதிகாரம் உள்ளவரும் மருத்துவமனையில் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

இருக்கக்கூடிய இடம் செவிலியர் தலைமைதான். பேட்டரி தீர்ந்தால் தொழில்நுட்பப் பிரிவு மாற்றித் தரும். லேபிள் கசங்கினால் மருந்தகம் புதிது ஒட்டும். கைப்பட்டை நனைந்தால் சேர்க்கைப் பிரிவு வேறு அச்சிடும். ஒவ்வொரு பிரிவும் தன் அளவில் பிழையற்றது. இவை அனைத்தும் சேர்ந்து இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரே செவிலியரின் தலையில் விழுகின்றன என்பது வார்டுப் பொறுப்புச் செவிலியருக்கும் அவருக்கு மேலே உள்ள கண்காணிப்பாளருக்கும் மட்டுமே முழுதாகத் தெரியும். பெரும்பாலான மருத்துவமனைகளில் கருவி வாங்கும் கூட்டத்தில் இவர்களுக்கு நாற்காலி கிடையாது. கருவி வந்து இறங்கிய பிறகு பயிற்சிக்கு ஆட்களை அனுப்பச் சொல்லி இவர்களுக்குச் சுற்றறிக்கை வரும்.

இன்னொரு சிக்கல் எண்களைச் சார்ந்தது. ஸ்கேன் செய்யப்பட்ட மருந்துகளின் விகிதத்தை நிர்வாகங்கள் பெருமையோடு திரையில் காட்டுகின்றன. மருத்துவமனைகளைத் தரம் பார்க்கும் அமெரிக்க அமைப்பான லீப்ஃபிராக் இதற்கு 95 சதவீதம் என்று இலக்கு வைத்திருக்கிறது. இலக்கில் தவறில்லை. ஆனால் கதவில் ஒட்டிய பார்கோடும் அந்தக் கணக்கில் சேரும். இலக்கை எட்டாத செவிலியருக்கு மெமோ கொடுக்கும் மருத்துவமனையில், இலக்கை எட்ட மிக எளிய வழி கதவில் ஒட்டுவதுதான். ஆகவே, தண்டனை கடுமையாகும் இடத்தில் திரையில் தெரியும் எண் உயரும். உண்மையான பாதுகாப்பு குறையும். அங்கே 98 சதவீதம் என்று திரை காட்டினால் அதற்குப் பொருள் என்ன என்று எவராலும் சொல்ல முடியாது. லீப்ஃபிராக் இதை உணர்ந்தே இருக்கிறது: சுற்றுவழிகளைக் கண்டறிந்து களையும் ஏற்பாடுகளும் வேண்டும் என்று அதே தரநிலை கேட்கிறது. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிடும் நிர்வாகங்கள்தான் அதிகம்.

கருவி பழுதே இல்லாமல் வேலை செய்தாலும் பக்கவிளைவு உண்டு. எமிலி பாட்டர்சன், ரிச்சர்ட் குக், மார்த்தா ரெண்டர் மூவரும் படைவீரர் மருத்துவமனைகளில், அதாவது கின்னிக்கின் யோசனை பிறந்த அதே அமைப்பில், பார்கோடு வந்த பிறகு வேலை எப்படி மாறியது என்று கவனித்து 2002இல் எழுதினார்கள். கணினி தானாகவே சில மருந்துகளைப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஏன் நீக்கியது என்று செவிலியர்கள் குழம்பினார்கள். முன்பு காகிதத்தில் இருந்த அட்டவணையை மருத்துவரும் பார்ப்பார், செவிலியரும் பார்ப்பார். அது கணினிக்குள் போனதும் இருவருக்கும் இடையில் இருந்த ஒருங்கிணைப்பு தளர்ந்தது. நேரம் தவறினால் கணினி பதிவு செய்கிறது என்பதால், வேலைகள் ஒன்றோடொன்று மோதும்போது கண்காணிக்கப்படும் வேலையே முதலிடம் பிடித்தது. இந்தக் கடைசிக் கண்டுபிடிப்பு மிக நுட்பமானது. நோயாளியின் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மூச்சுவிடும் விதத்தைக் கவனிப்பதை எந்த மென்பொருளும் பதிவு செய்வதில்லை. பதிவாகாத வேலை நாளடைவில் செய்யப்படாத வேலையாகும். எதை அளப்பது, எதை அளக்காமல் மனிதத் தீர்ப்புக்கு விடுவது என்று முடிவெடுப்பது மென்பொருள் நிறுவனத்தின் வேலையல்ல. செவிலியத்தின் சாரம் தெரிந்த தலைமையின் வேலை.

இதற்கெல்லாம் மோசமான மென்பொருளே காரணம், நல்ல மென்பொருள் வந்தால் தீர்ந்துவிடும் என்று ஒரு தரப்பு சொல்லும். அதற்குப் பதில் சொல்ல இரண்டு குழந்தைகள் மருத்துவமனைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் மருத்துவர்கள் மருந்து உத்தரவுகளைக் கணினியில் இடும் முறை வந்தது. வெளியிலிருந்து மாற்றப்பட்டு வந்த குழந்தைகளின் இறப்பு விகிதம் அதற்கு முந்தைய 13 மாதங்களில் 2.80 சதவீதமாக இருந்தது; பிந்தைய 5 மாதங்களில் 6.57 ஆனது. 2005இல் இதை வெளியிட்டவர்கள் அந்த மருத்துவமனையின் மருத்துவர்களே. முன்பெல்லாம் குழந்தை ஆம்புலன்சில் வந்துகொண்டிருக்கும்போதே தேவையான உத்தரவுகளைப் பதிந்து மருந்தைத் தயாராக வைக்க முடிந்தது. புதிய முறையில் குழந்தை வந்து சேர்ந்து பதிவான பிறகே உத்தரவிட முடிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே இருந்த மருந்துகள் மத்திய மருந்தகத்துக்குப் போயின. செவிலியர்கள் படுக்கையருகிலிருந்து கணினிக்கு நகர்ந்தார்கள். மருத்துவமனை முழுவதும் இந்த மாற்றம் ஆறே நாளில் நடந்து முடிந்தது. அடுத்த ஆண்டே சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனை தன் கணக்கை வெளியிட்டது. அங்கே இருந்ததும் பிட்ஸ்பர்க்கில் இருந்த அதே செர்னர் நிறுவனத்தின் மென்பொருள். இறப்பு விகிதம் முன்னே 4.22 சதவீதம், பின்னே 3.46, புள்ளியியல்படி மாற்றம் இல்லை எனலாம், கூடவில்லை என்பது உறுதி.

பிட்ஸ்பர்க் ஆய்வில் குறை காணலாம், கண்டும் இருக்கிறார்கள். முன்-பின் ஒப்பீடு மட்டுமே, காலம் குறுகியது, அந்த மாதங்களில் வேறு மாற்றங்களும் நடந்திருக்கலாம். இறப்புகளுக்குக் கணினிதான் காரணம் என்று அந்த ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. என் வாதத்துக்கு அவ்வளவு தேவையும் இல்லை. ஒரே மென்பொருள் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக நடந்துகொண்டது. வேறுபட்டது அதை வார்டுக்குள் கொண்டுவந்த விதம். ஆம்புலன்சில் வரும் குழந்தைக்கு மருந்து எப்படித் தயாராகிறது என்பதை அன்றாடம் செய்பவர்களிடம் முன்கூட்டிக் கேட்டிருந்தால், அந்தத் தடை திரையில் தோன்றும் முன்பே தெரிந்திருக்கும்.

அடுத்த ஆட்சேபம் இதைவிட வலுவானது. சுற்றுவழிகளைத் தகவல் என்று சொல்லிச் சொல்லியே அலட்சியத்துக்கு இடம் கொடுத்துவிட மாட்டோமா? இந்தக் கேள்வியை நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2017 டிசம்பரில் நடந்ததோடு சேர்த்தே எதிர்கொள்ள வேண்டும். ஸ்கேன் எடுக்க வந்த 75 வயதுப் பெண்ணுக்குப் பதற்றம் தணிய வெர்செட் என்ற மருந்து எழுதப்பட்டிருந்தது. செவிலியர் தானியங்கி மருந்துப் பெட்டியில் அந்தப் பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டினார். மருந்து கிடைக்கவில்லை. எச்சரிக்கையைத் தாண்டிச் செல்லும் வசதியைப் பயன்படுத்தினார். அதே இரண்டு எழுத்துகளில் தொடங்கும் வெகுரோனியம் வந்தது. அது தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும் மருந்து. நோயாளி இறந்தார். செவிலியர் தன் தவறை உடனே ஒப்புக்கொண்டார். 2022இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது.

அவர் பக்கம் தவறே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. எழுதப்பட்ட மருந்து திரவம். எடுத்தது கலக்க வேண்டிய தூள். புட்டியின் மூடியிலேயே தசையை முடக்கும் மருந்து என்ற எச்சரிக்கை இருந்தது. இத்தனையையும் தாண்டிவிட்டார். ஆனால் கேள்வியை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்ப்போம். புதிய மின்னணுப் பதிவு முறை வந்த அந்த மாதங்களில் எச்சரிக்கையைத் தாண்டிச் செல்வது அங்கே அன்றாட வழக்கமாக இருந்தது என்று அவர் சொன்னார். ஸ்கேன் எடுக்கும் அந்தப் பகுதியில் பார்கோடு படிக்கும் கருவி இல்லை. இரண்டே எழுத்து தட்டினால் உயிரைப் பறிக்கக்கூடிய மருந்தை நீட்டும்படி பெட்டி வடிவமைக்கப்பட்டிருந்தது. குறைந்தது ஐந்து எழுத்து தட்டினால்தான் மருந்து தெரிய வேண்டும் என்று ஐ.எஸ்.எம்.பி. என்ற மருந்துப் பாதுகாப்பு அமைப்பு அதன் பிறகு பரிந்துரைத்தது. ஒருவரைத் தண்டித்ததால் இவற்றில் ஒன்றாவது சரியானதா? தீர்ப்பைக் கேட்ட செவிலியர்கள் கற்றுக்கொண்ட பாடம் இனி தவறை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதாக இருந்தால், அடுத்த நோயாளிக்கு ஆபத்து கூடியிருக்கிறது. கென்டக்கி மாநிலம் 2024இல், உள்நோக்கம் இல்லாத மருத்துவப் பிழைக்குக் குற்றவழக்கு இல்லை, அப்பட்டமான அலட்சியத்துக்கு விலக்கு இல்லை என்று சட்டம் இயற்றியது. அலட்சியத்தையும் பிழையையும் பிரித்துப் பார்க்க முடியும், பார்க்கவும் வேண்டும். அதை நீதிமன்றத்துக்கு முன்பே, வார்டிலேயே, அன்றாடம் செய்ய வேண்டியவர் செவிலியர் கண்காணிப்பாளர்.

மூன்றாவது ஆட்சேபம் நம் நாட்டில் அதிகம் கேட்பது: முதலில் ஆட்களைப் போடுங்கள், பிறகு ஸ்கேனர் வாங்கலாம். இதில் நியாயம் நிறைய இருக்கிறது. பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்த லிண்டா ஏக்கன், ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடினால், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று 2002இல் காட்டினார். ஆஸ்திரேலியாவில் ஜோஹானா வெஸ்ட்புரூக் குழு இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியர்கள் மருந்து கொடுத்ததைக் கவனித்து 2010இல் எழுதியது: மருந்து கொடுக்கும்போது நேரும் ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருத்துவப் பிழை 12.7 சதவீதம் கூடியது. ஒரே மருந்துக்கு நான்கு முறை குறுக்கிட்டால் பெரிய பிழைக்கான வாய்ப்பு இரட்டிப்பானது. ஆள் குறைந்த வார்டில் குறுக்கீடு கூடும். குறுக்கீடு கூடினால் ஸ்கேனர் இருந்தும் சுற்றுவழி கூடும். ஆக ஆட்களா கருவியா என்ற கேள்வியே பிழையாக வைக்கப்பட்டது. ஆள் இல்லாத இடத்தில் கருவி தோற்கும். ஆள் இருந்தும் கருவி இல்லாவிட்டால் அந்த 2,250 சரிபார்ப்புகள் நினைவை நம்பியே நிற்கும். இரண்டையும் ஒரே திட்டமாகப் போட்டு, இத்தனை செவிலியர் இருந்தால்தான் இந்தக் கருவி பயன் தரும் என்று எண்களோடு எழுதிக் கேட்கும் துணிச்சல் செவிலியர் தலைமைக்கு வேண்டும். அதைக் கேட்டு மறுத்தால் எழுத்தில் மறுக்க வேண்டிய கட்டாயம் நிர்வாகத்துக்கு வேண்டும்.

இந்தியாவில் இந்தக் கணக்கு எப்படி விழும்? பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒருவர், பயிற்சி மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் அளவுகோல். இரவு ஷிஃப்டில் அரசு மருத்துவமனை வார்டுக்குள் போய்வந்த எவரும் இந்த எண்களைப் படித்துச் சிரிப்பார்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்பனையாகும் 300 மருந்துகளின் உறையில் பார்கோடோ க்யூஆர் கோடோ இருக்க வேண்டும் என்ற விதி இங்கே நடைமுறைக்கு வந்தது. நல்ல விதி, ஆனால் அதன் நோக்கம் போலி மருந்தைக் கண்டுபிடிப்பது. வார்டில் பத்து மாத்திரை உள்ள அட்டையைக் கத்தரித்து ஆளுக்கு ஒன்றிரண்டு கொடுக்கிறோம். கத்தரித்த துண்டில் கோடு இருக்காது. பிரிகாம் மருத்துவமனை இந்தச் சிக்கலைத் தீர்க்க, மருந்தகத்திலேயே ஒவ்வொரு வேளை மருந்தையும் பிரித்து மறுஉறையிட்டுப் பார்கோடு ஒட்டும் தனிப் பிரிவையே அமைத்தது. அந்த 2010 முடிவுக்குப் பின்னால் அத்தனை உழைப்பு இருந்தது. நம் தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடுவது நோயாளியின் மகனோ தம்பியோதான். வெளியே வாங்கி வந்த மருந்தை மருத்துவமனைக் கணினி அடையாளம் காணுமா? இனிஷியல் மட்டும் மாறும் இரண்டு முருகன்கள் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கும் வார்டுகள் நம்முடையவை. கைப்பட்டையின் தேவை இங்கேதான் அதிகம். ஆனால் வெளிநாட்டு மென்பொருளை அப்படியே இறக்கினால், கதவுநிலைகள் இங்கேயும் உண்டு.

செவிலியர்களுக்குத் தகவல் தொழில்நுட்பம் எங்கே புரியப்போகிறது என்ற ஏளனம் வாய்விட்டுச் சொல்லப்படாவிட்டாலும் கூட்டங்களில் நிலவுகிறது. வரலாறு அதற்கு எதிராக இருக்கிறது. 1860இல் லண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டின் முன், மருத்துவமனைகள் அனைத்தும் ஒரே படிவத்தில் நோய், குணம், இறப்பு விவரங்களைப் பதிய வேண்டும் என்ற திட்டத்தை வைத்தவர் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல். விளக்கேந்திய சீமாட்டி என்று படம் வரைந்து வைத்துவிட்டு, அவர் ஏந்திய புள்ளிவிவரங்களை மறந்துவிட்டோம். கின்னிக் பார்கோடைப் பார்த்த அதே 1992இல்தான் அமெரிக்க செவிலியர் சங்கம் செவிலியத் தகவலியலைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றது. இன்று அங்கே பெரிய மருத்துவமனைகளில் தலைமைச் செவிலியத் தகவல் அதிகாரி என்ற பதவி இருக்கிறது. பதவி இருப்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. சில இடங்களில் அது மென்பொருள் நிறுவனத்தின் பயிற்சியாளர் வேலையாகச் சுருங்கியும் போகிறது. பொருட்படுத்த வேண்டியது அதிகாரம்தான்: வார்டுக்கு ஒத்துவராத கருவியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம், பயனற்ற எச்சரிக்கையை அணைக்கும் அதிகாரம், வயர்லெஸ் எட்டாத அறையைப் பற்றிப் புகார் வந்த வாரத்திலேயே சரிசெய்ய வைக்கும் அதிகாரம்.

தமிழ்நாட்டில் பெரிய மருத்துவமனைகள், அரசும் தனியாரும், மின்னணுப் பதிவுக்கும் கருவிகளுக்கும் வருங்காலத்தில் நிறையச் செலவு செய்யத்தான் போகின்றன. டெண்டர் ஆவணத்தில் இரண்டு வரிகளைச் சேர்க்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்ளலாம். ஒன்று, செவிலியர் கண்காணிப்பாளரின் கையெழுத்து இல்லாமல் எந்தக் கருவியும் வார்டுக்குள் வரக் கூடாது. இரண்டு, கருவி வந்த முதல் ஆறு மாதமும் வாரம் ஒரு முறை யாராவது ஒருவர் இரவு ஷிஃப்டில் மருந்து டிராலியோடு கூடவே நடந்து, எங்கெங்கே சுற்றுவழி எடுக்கப்படுகிறது என்று பெயர் குறிக்காமல் எழுதி வர வேண்டும். அதில் கண்டதைச் சரிசெய்த பிறகே நிறுவனத்துக்குக் கடைசித் தவணைப் பணம் போக வேண்டும். வாசகரிடமும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை மருத்துவமனையில் உறவினரின் கட்டிலருகே இருக்கும்போது, டிராலியின் முன் நின்று மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் சிஸ்டரிடம் டிஸ்சார்ஜ் எப்போது என்று கேட்க வேண்டாம். அவர் அந்த மருந்தைக் கொடுத்து முடிக்கட்டும், பிறகு கேட்கலாம்.